பொலிஸ் இல்லாத சட்டத்துக்கு நாடுகள் ஏன் கட்டுப்படுகின்றன?

பிள்ளை, உம்முடைய கேள்வியை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். “உலகத்துக்கென்று ஒரு பொலிஸ் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த நாடு அதை மீறினால் பிடித்து உள்ளே போட ஆளில்லை. அப்படியிருக்க, சில சுற்றாடல் ஒப்பந்தங்களுக்கு நாடுகள் ஒழுங்காகக் கட்டுப்படுகின்றன, சிலவற்றைக் கைவிட்டுவிடுகின்றன. ஏன்? இலங்கை இதில் எங்கே நிற்கிறது?” சட்டக் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்.

நான் சில காலம் ஓர் அரச அலுவலகத்தில், இப்படியான ஒப்பந்தங்களுக்காக ஆண்டுதோறும் வெளிநாட்டுக்கு அனுப்பும் தரவுப் படிவங்களை நிரப்புகிற மேசையில் இருந்தவன். பிறகு கொழும்பிலேயே சுற்றாடல் சட்டம் படிப்பித்தேன். மேசையில் கற்றதுதான் வகுப்பில் எனக்கு அதிகம் உதவியது. ஓர் ஒப்பந்தம் பலிக்குமா என்று யாராவது கேட்டால், அதன் தண்டனைப் பிரிவை நான் தேடுவதில்லை. துறைமுகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கும் உத்தியோகத்தரின் கையில் அந்த ஒப்பந்தம் எதைக் கொடுத்திருக்கிறது, கட்டுப்படுவதால் நாட்டுக்குள்ளே யாருக்கு நன்மை, கட்டுப்படாவிட்டால் யாருடைய வியாபாரம் நிற்கும் என்றுதான் பார்ப்பேன். கீழே சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

முதலில் ஓர் அடிப்படை விடயம், சுருக்கமாக. ஜனாதிபதியோ அமைச்சரோ வெளிநாட்டு மண்டபமொன்றில் கையெழுத்து வைத்ததும் அது கொழும்பில் சட்டமாகிவிடாது. கையெழுத்துக்குப் பிறகு ஏற்புறுதி, அதாவது ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதி சொல்வது. அதற்குப் பிறகு உள்நாட்டுச் சட்டம். பாராளுமன்றம் சட்டம் இயற்றினால், அல்லது இருக்கிற சட்டத்தின் கீழ் வர்த்தமானி வந்தால்தான் ஒப்பந்தத்தின் சொல் இங்கே ஒருவரைக் கட்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1937 முதல் இருக்கிற வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆகியவைதான் நம்முடைய பெரும்பாலான சுற்றாடல் ஒப்பந்தங்களின் கைகால்கள். அவை எங்கே குறைபட்டிருக்கின்றனவோ, அங்கே ஒப்பந்தமும் நொண்டும்.

இனி, உலகத்திலேயே அதிகம் வெற்றிபெற்ற சுற்றாடல் ஒப்பந்தத்துக்கு வருவோம். ஓசோன் படையைக் காக்க 1987 செப்டெம்பர் 16 அன்று கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கை அது. இன்று 198 தரப்புகள் அதில் இருக்கின்றன. உலகில் வெளியே நிற்கும் நாடு ஒன்றுமில்லை. இலங்கை 1989 டிசெம்பரில் சேர்ந்தது. ஏன் இவ்வளவு நன்றாகப் பலித்தது என்று கேட்டால், பலர் “விஞ்ஞானம் தெளிவாக இருந்தது, மாற்று வாயுக்கள் கிடைத்தன” என்பார்கள். உண்மைதான். ஆனால் அதை நான் விளங்கிக்கொண்டது மருதானையில் என் அத்தானுடைய பிரிஜ் திருத்தும் கடையில்.

2000 ஐத் தாண்டிய கையோடு அத்தானுக்குப் பெரிய கவலை. பழைய பிரிஜ்ஜுகளுக்கு அடிக்கிற, ஓசோனைக் கெடுக்கும் ஆர்-12 காஸ் வரவரக் குறைந்தது, விலை ஏறியது. “யாரோ வெள்ளைக்காரன் வானத்தில் ஓட்டை என்றதுக்கு நான் ஏன் கடையைப் பூட்ட வேண்டும்?” என்று என்னிடமே சண்டை பிடித்தார். பிறகு ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். காஸைத் திறந்து காற்றில் விடாமல் உறிஞ்சி எடுப்பது எப்படி, அதற்குப் பதிலான ஆர்-134ஏ போடுவதென்றால் எந்த எண்ணெயை மாற்ற வேண்டும் என்று கையில் பிடித்துக் காட்டினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார் அத்தான். அதற்குப் பிறகு பக்கத்துக் கடைக்காரர் காஸைத் திறந்துவிட்டால் போய் ஏசுகிற ஆளே அவர்தான்.

அந்தப் பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது. மொன்றியல் உடன்படிக்கைக்குப் பலதரப்பு நிதியம் என்று ஒன்று உண்டு. 1990 இல் இலண்டனில் உடன்பட்டு, அடுத்த ஆண்டு தொடங்கியது. பணக்கார நாடுகள் போடும் பணம். வளரும் நாடுகள் பழைய வாயுவைக் கைவிடுவதால் ஏற்படும் மேலதிகச் செலவை அது ஏற்கிறது. இதுவரை 400 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் நிறைவேற்றுக் குழுவில் 14 இடங்கள். 7 வளர்ந்த நாடுகளுக்கு, 7 வளரும் நாடுகளுக்கு. பணம் கொடுப்பவன் மட்டும் தலையில் குட்டுகிற அமைப்பாக அதைச் செய்யவில்லை. சுற்றாடல் அமைச்சின் கீழ் 1994 இல் தொடங்கிய நம்முடைய தேசிய ஓசோன் அலகு போன்ற அலுவலகங்களுக்கும் இந்த நிதியம் உதவுகிறது. அதாவது ஒப்பந்தத்தைப் பற்றி மட்டுமே நாள்முழுக்க யோசிக்கிற சில மனிதர்கள் ஒவ்வொரு தலைநகரத்திலும் இருக்கிறார்கள். மற்ற ஒப்பந்தங்களில் இந்த வேலை, ஏற்கெனவே ஐந்து பொறுப்புகள் சுமக்கிற ஓர் உதவிப் பணிப்பாளரின் ஆறாவது பொறுப்பாகத்தான் கிடக்கும்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். 1997 இல் சேர்த்த திருத்தமொன்று, ஒவ்வொரு நாடும் இந்த வாயுக்களின் இறக்குமதி ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திர முறையை நிறுவ வேண்டும் என்றது. இறக்குமதியாளருக்கு ஆண்டுக்கு இவ்வளவு கிலோ என்று பங்கு. பங்கைத் தாண்டினால் உருளை துறைமுகத்தைத் தாண்டாது. சுங்க உத்தியோகத்தருக்கு உருளைக்குள் உண்மையில் எந்த வாயு இருக்கிறது என்று காட்டும் கருவி. உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் நாட்டோடு இந்த வாயுக்களில் வியாபாரம் செய்யவும் தடை. வெளியே நின்று இலாபம் பார்க்கலாம் என்று நினைத்தவர்களையும் அந்தத் தடை உள்ளே கொண்டுவந்தது.

மீறினால் என்ன? இதை உம்முடைய கட்டுரையில் கட்டாயம் எழுதும். தொண்ணூறுகளின் நடுவில் ரஷ்யா, உக்ரேன், பெலாரஸ் ஆகியவை “குறித்த திகதிக்கு நிறுத்த எங்களால் முடியாது” என்று நேரே வந்து சொன்னன. சோவியத் ஒன்றியம் உடைந்து கையில் காசில்லாத காலம். உடன்படிக்கையின் நடைமுறையில் ஒரு நாடு தன்னைப் பற்றித் தானே முறையிடலாம்; அமுலாக்கக் குழு அதை விசாரிக்கும். அந்த நாடுகளோடு கால அட்டவணை பேசினார்கள், ஏற்றுமதியில் கட்டுப்பாடு போட்டார்கள், உலகச் சுற்றாடல் வசதி நிதியிலிருந்து உதவி ஒழுங்குபண்ணினார்கள். ரஷ்யத் தொழிற்சாலைகளில் உற்பத்தி 2000 இன் இறுதியில் நின்றது. மருந்து வாங்க முடியாத நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்தமுறை அவன் நோயை மறைப்பான். அதை விளங்கிக்கொண்டு எழுதிய நடைமுறை அது.

முடியாமை வேறு, களவு வேறு என்பதற்கும் இதே உடன்படிக்கையில் சான்று உண்டு. 2010 உடன் உலகம் முழுவதும் நின்றிருக்க வேண்டிய, ஓசோனைக் கெடுக்கும் சிஎப்சி-11 வாயு, 2012 க்குப் பிறகு மீண்டும் கூடுதலாக வெளிவருகிறது என்று 2018 மே மாதத்தில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எந்த நாட்டின் படிவத்திலும் அது இல்லை. ஹவாயின் மௌனா லோவா உள்ளிட்ட இடங்களின் காற்று மாதிரிகள்தான் காட்டிக்கொடுத்தன. அடுத்த ஆண்டு, தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்களைக் கொண்டு, அந்த அதிகரிப்பின் 40 முதல் 60 வீதம் வரை கிழக்குச் சீனாவின் ஷான்டொங், ஹெபெய் மாகாணங்களின் பக்கமிருந்து வருவதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பம் தடுக்கும் நுரைப்பொருள் செய்கிறவர்கள் மலிவான பழைய வாயுவைக் களவாகப் பாவித்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சீன அரசு சோதனைகளை இறுக்கியது. 2019 இல் வெளியேற்றம் திரும்பவும் விழுந்துவிட்டது என்று 2021 இல் ஆய்வுகள் வந்தன. படிவத்தில் பொய் எழுதலாம், காற்றிடம் பொய் சொல்ல வழியில்லை. மொன்றியலுக்கு அந்த வசதி இருக்கிறது. எல்லா ஒப்பந்தத்துக்கும் இல்லை. காட்டுக்குள் கொன்ற விலங்கையும் கொள்கலனுக்குள் மூடிய குப்பையையும் எந்த நிலையத்தாலும் தூரத்திலிருந்து மணந்து பார்க்க முடியாது.

கொள்கலன் என்றதும் கொழும்பில் வாழும் எவருக்கும் ஞாபகம் வருவது பிரித்தானியக் குப்பைதான். பாவித்த மெத்தைகள், கம்பளங்கள், மீள்சுழற்சிக்கு என்ற பெயரில் 2017, 2018 காலத்தில் ஐக்கிய இராச்சியத்திலிருந்து இங்கே கொள்கலன்கள் வந்தன. சில துறைமுகத்திலேயே தேங்கின, சில கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்குப் போயின. 2019 இல் விடயம் வெளியே வந்தபோது, வைத்தியசாலைக் கழிவும் உள்ளே இருப்பதாகச் சுங்கம் சொன்னது. எல்லாமாக 263 கொள்கலன்கள். சுமார் 3,000 தொன்.

அபாயகரக் கழிவுகளின் நாடு கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயம் 1989 இல் ஏற்கப்பட்டு 1992 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அந்த ஆண்டிலேயே சேர்ந்தது. அதன் உயிர்நாடி முன்கூட்டிய சம்மதம்: அனுப்புகிற நாடு பெறுகிற நாட்டிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கப்பலில் ஏற்றலாம். கேட்காமல் அனுப்பினால் அது சட்டவிரோதக் கடத்தல். 9 ஆம் உறுப்புரையின்படி, அனுப்பிய நாடு, தனக்கு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். நடந்ததைப் பாரும். முதல் 21 கொள்கலன்கள் திரும்பிப் போனது 2020 செப்டெம்பரில். கடைசி 45 ஏறியது 2022 பெப்ரவரியில். இடையில் சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வழக்காட வேண்டியிருந்தது.

இதைத் தோல்வி என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 30 நாள் என்று எழுதியது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது வெட்கக்கேடுதான். ஆனால் பாசல் சமவாயம் இல்லாதிருந்தால் “இது உங்கள் குப்பை, எடுங்கள்” என்று சொல்ல நம்மிடம் என்ன இருந்திருக்கும்? கெஞ்சுவதைத் தவிர ஒன்றுமில்லை. ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மறு ஏற்றுமதிக்கென்று கொண்டுவரும் பொருட்களுக்குச் சாதாரண இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் விலக்குக் கொடுக்கும் வர்த்தக மைய ஏற்பாடுகளை நாமே 2012, 2013 இல் செய்துவைத்திருந்தோம். வியாபாரத்தைக் கூட்டுவதற்காகத் திறந்த கதவு. அந்தக் கதவால் குப்பை வந்தது. ஒரு கையால் சமவாயத்தில் கையெழுத்து, மறு கையால் அதைத் தளர்த்தும் ஒழுங்குவிதி. ஒரு அமைச்சு செய்தது மற்ற அமைச்சுக்குத் தெரியாமலே இருந்திருக்கும். நான் பார்த்த வரையில் நாடுகள் ஒப்பந்தத்தை மீறுவதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. கெட்ட எண்ணத்தைவிட, ஒரே அரசாங்கத்துக்குள் மேசைகள் ஒன்றோடொன்று பேசாததுதான் அதிகம்.

வியாபாரத்தைத் தொட்டால் மேசைகள் உடனே பேசும் என்பதற்கு நம்முடைய மீன் கதை போதும். ஆழ்கடலில் நம் படகுகள் ஒழுங்கில்லாமல் மீன்பிடிப்பதை இலங்கை கட்டுப்படுத்தவில்லை, இந்து சமுத்திர டியூனா ஆணைக்குழுவின் விதிகளைச் சரிவர அமுலாக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை காட்டியது. பெரிதாக ஒன்றும் அசையவில்லை. 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியில் இருந்து நம் மீனுக்கு ஐரோப்பியச் சந்தை பூட்டு. 2013 இல் மட்டும் 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான டியூனாவும் தளப்பத்தும் போன சந்தை அது. நீர்கொழும்பில் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு மீன் கொடுக்கிற குடும்பங்களிடம் போய்க் கேட்டால் அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று சொல்வார்கள். பிறகு என்ன நடந்தது? ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, பதிவேடு, உரிமம், சட்டத்தைத் திருத்திப் பெரிய தண்டப்பணம். 2016 ஜூனில் தடை நீங்கியது. பல ஆண்டு அறிவுரையால் ஆகாதது ஒன்றரை ஆண்டுப் பூட்டில் நடந்தது.

எனக்கு அந்தக் கதையில் ஒரு நெருடல் உண்டு. அடி விழுந்தது முதலில் மீனவனுக்கு. விதியை அமுலாக்காமல் விட்டது அலுவலகம். வர்த்தகத் தடையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மொன்றியலில் தடையோடு நிதியமும் இருந்தது. இங்கே தடை மட்டும் வந்தது.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டிஸ் சமவாயமும் இதே ஆயுதத்தைத்தான் வைத்திருக்கிறது. சொல்லுக் கேட்காத நாட்டோடு, பட்டியலிலுள்ள உயிரினங்களில் வியாபாரத்தை நிறுத்தும்படி மற்ற நாடுகளுக்குப் பரிந்துரைக்கும். தாய்லாந்தின் யானைத்தந்தச் சந்தை ஆபிரிக்கத் தந்தத்துக்கு மறைவிடமாகிவிட்டது என்று பல ஆண்டு முறைப்பாடு. 2014 இல் கெடு வைத்தார்கள்: 2015 மார்ச்சுக்குள் சட்டம் வராவிட்டால் வர்த்தக நிறுத்தம். அப்படி நடந்தால் தாய்லாந்தின் ஓர்க்கிட் ஏற்றுமதியே படுத்துவிடும். 2015 ஜனவரியில் யானைத்தந்தச் சட்டம் வந்தது. யானையைக் காப்பாற்றியதில் ஓர்க்கிட் பூவுக்கும் பங்குண்டு.

இலங்கை சைட்டிஸில் 1979 முதல் இருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று காலிமுகத்திடலில் நடந்தது உமக்கு நினைவிருக்குமோ தெரியாது, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர். கென்யாவிலிருந்து டுபாய்க்குப் போகிற வழியில் 2012 இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 யானைத் தந்தங்கள், ஒன்றரைத் தொன், சனங்களின் முன்னால் நொறுக்கப்பட்டன. மதகுருமார் வந்து யானைகளுக்காகப் பிரார்த்தித்தார்கள். அதற்கு முன்பு அந்தத் தந்தங்களைக் கண்டி தலதா மாளிகைக்குக் கொடுக்கும் யோசனையும் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. தெற்காசியாவில் பிடிபட்ட தந்தத்தைப் பகிரங்கமாக அழித்த முதல் நாடு நாங்கள். 2019 இல் சைட்டிஸின் உலக மாநாடே கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாறிப் போனது. அந்த மாநாட்டுக்கு எத்தனை பேர் ஆசையோடு வேலை செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த இழப்பு மனதில் இருக்கிறது.

ஏற்றுமதிப் பக்கத்தில் இன்னொரு கயிறும் உண்டு. நம் ஆடைகள் குறைந்த தீர்வையில் ஐரோப்பாவுக்குப் போக உதவும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகைக்கு 27 சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். அவற்றில் 8 சுற்றாடல், காலநிலை சம்பந்தமானவை; பாசல், சைட்டிஸ், மொன்றியல் எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கிற பிள்ளையின் வேலையும், காஸ் உருளைப் பதிவேடும் ஒரே கோப்பில் சந்திக்கின்றன.

வியாபார அழுத்தம் எப்போதும் நல்ல பக்கம்தான் தள்ளும் என்று நினைத்துவிடாதேயும். அஸ்பெஸ்டாஸ் கூரை கொழும்பின் எத்தனை தோட்டக் குடியிருப்புகளில், எத்தனை பள்ளிக்கூடங்களில் தலைக்கு மேல் இருக்கிறது என்பது உமக்குத் தெரியும். அதன் இறக்குமதியை 2018 ஜனவரியில் இருந்து நிறுத்த இலங்கை அரசு முடிவெடுத்திருந்தது. அந்தக் கனிமத்தைப் பெருமளவில் விற்கும் நாடு ரஷ்யா. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டோம் என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலைக்குத் தடை போட்டது. சில நாட்களில் அஸ்பெஸ்டாஸ் தடை பிற்போடப்பட்டது. மாத இறுதியில் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்புண்டென்று அப்போது பத்திரிகைகள் பரவலாக எழுதின. நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கும் வேறு விளக்கம் தெரியவில்லை. அபாய இரசாயன வர்த்தகத்துக்கு முன்சம்மதம் கேட்கும் ரொட்டர்டாம் சமவாயத்தின் பட்டியலில் வெள்ளை அஸ்பெஸ்டாஸைச் சேர்க்கும் யோசனையும் 2006 முதல் கூட்டத்துக்குக் கூட்டம் தடைப்பட்டு வருகிறது. அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் பட்டியலில் ஏறும். சில நாடுகள் வேண்டாம் என்றால் போதும். இங்கே எந்த நாடும் விதியை மீறவில்லை என்பதைக் கவனியும். எல்லாம் விதிப்படிதான் நடந்தது, தூசு மட்டும் யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போகிறது.

காலநிலை ஒப்பந்தங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மெலிந்தது. பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க வளர்ந்த நாடுகளுக்கு இலக்கு வைத்த கியோட்டோ நெறிமுறையில் உண்மையிலேயே பல் வைத்த அமுலாக்கப் பிரிவு இருந்தது: இலக்கைத் தவறவிட்டால், தவறவிட்ட அளவின் 1.3 மடங்கை அடுத்த காலத்தில் குறைக்க வேண்டும், உமிழ்வு உரிமைகளை மற்ற நாடுகளுக்கு விற்கவும் தடை. கனடா 1990 இன் அளவிலிருந்து 6 வீதம் குறைப்பதாக ஏற்றிருந்தது. அதன் உமிழ்வோ கூடிப்போனது. 2011 டிசெம்பரில் விலகுவதாக அறிவித்தது, ஓராண்டில் விலகல் நடைமுறைக்கு வந்தது. பல் கடிக்க வாய் திறந்தபோது நாடு எழும்பிப் போய்விட்டது. ஜப்பானும் திமிங்கில வேட்டையில் இதே வழியைத்தான் பிடித்தது. 2014 இல் சர்வதேச நீதிமன்றம் அதன் அந்தாட்டிக்கா வேட்டைத் திட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019 இல் ஜப்பான் திமிங்கில ஆணைக்குழுவிலிருந்தே வெளியேறி, தன் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கியது.

இந்தப் பயத்தில் பிறந்ததுதான் 2015 இன் பரிஸ் உடன்படிக்கை. இலக்கை ஒவ்வொரு நாடும் தானே குறிக்கும். அதை எட்டுவது சட்டக் கடமை இல்லை; இலக்கு அறிவிப்பதும், அதற்கான நடவடிக்கை எடுப்பதும், அறிக்கை அனுப்புவதும்தான் கடமை. நாடுகள் கட்டுப்படுகின்றனவா என்று பார்க்கும் அதன் குழு எதிர்ப்பு மனப்பான்மையோ தண்டனையோ இல்லாமல் இயங்க வேண்டும் என்று 15 ஆம் உறுப்புரையே சொல்கிறது. அப்படியும் அமெரிக்கா போவதும் வருவதுமாக இருக்கிறது: 2020 இல் விலகியது, 2021 இல் திரும்பியது, 2025 ஜனவரியில் மீண்டும் விலகல் அறிவித்தது. இலங்கை 2021 இல் கொடுத்த இலக்கில், 2030 க்குள் 14.5 வீத உமிழ்வுக் குறைப்பு என்று இருக்கிறது. அதில் சொந்தப் பலத்தில் செய்வது 4 வீதம்; மிச்சம் 10.5 வீதம் வெளிநாட்டு உதவி கிடைத்தால். உதவி வராமல் அந்த 10.5 நடக்காவிட்டால் அதை மீறல் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதியதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உலகின் உமிழ்வில் நம் பங்கு மிகச் சிறியது, அடி விழுவதில் நம் பங்கு பெரியது.

நீதிமன்றங்களைப் பற்றி நீர் கேட்கவில்லை, ஆனால் சட்டம் படிக்கிறவர் அதை விட்டுவிடக் கூடாது. பாராளுமன்றம் சட்டம் இயற்றாத இடத்திலும் நம் உயர் நீதிமன்றம் உலகக் கோட்பாடுகளை உள்ளே எடுத்து வந்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்க வழக்கில் நீதியரசர் அமரசிங்க, 1972 ஸ்டொக்ஹோம், 1992 ரியோ சுற்றாடல் பிரகடனங்களைக் கையில் எடுத்து, அரசு இயற்கை வளங்களின் பாதுகாவலன் என்று சொல்லி அந்தச் சுரங்கத் திட்டத்தைத் தடுத்தார். நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் சுன்னாகம். மின் நிலைய எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற ரியோக் கோட்பாட்டை வைத்து, 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் கிணறு என்றால் என்ன என்பதை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாளி விட்டால் எண்ணெய் மிதந்து வந்த வீடுகள் உண்டு. ரியோவில் எழுதிய வரி வலிகாமத்தில் ஒரு கிணற்றடிக்கு வந்து சேர 27 ஆண்டு எடுத்தது, ஆனால் வந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வேறு பாடம் சொல்கிறது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூன் 2 அன்று தாழத் தொடங்கிய அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். அந்த மணிகள் சர்வதேசக் கப்பல் விதிகளில் அபாயச் சரக்காகவே வகுக்கப்படவில்லை. கட்டுப்பட விதி இருந்தால்தானே மீறல்? 2024 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு அவற்றை ஏற்றுவது பற்றிப் பரிந்துரைகள் வெளியிட்டது, கட்டாயம் இல்லை. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்டும்படி தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கப்பல் கம்பனியிடமிருந்து அந்தப் பணத்தைக் கரைசேர்ப்பது தீர்ப்பு எழுதுவதைவிடக் கடினமான வேலை.

அதே 2025 ஜூலை 23 அன்று, வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்னின்று கேட்ட கேள்விக்குச் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. காலநிலையைப் பாதுகாக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்காத நாடு சர்வதேசச் சட்டத்தின்படி தவறிழைத்ததாகலாம், இழப்பீடும் கேட்கப்படலாம் என்றது. கட்டுப்படுத்தும் தீர்ப்பில்லைத்தான். ஆனால் பரிஸ் உடன்படிக்கையின் மென்மையான வாசகங்களுக்குப் பின்னால் ஒளிய இனி இடம் குறைவு. இதே நீதிமன்றத்தில்தான் நம் கொழும்பில் பிறந்த நீதியரசர் வீரமந்திரி 1997 இல், தன்யூப் நதி அணை வழக்கில் தனிக் கருத்து எழுதும்போது, இலங்கையின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் கருத்தை முழுவதும் வாசியும், உமது கட்டுரைக்கு மட்டுமென்று எண்ணி வாசிக்காதேயும்.

ஈரநிலங்களுக்கான ராம்சார் சமவாயத்தில் தண்டனை என்று எதுவுமே கிடையாது. 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. மன்னாரின் வங்காலையும் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. பெருமைதான் அங்கே ஒரே கயிறு. அந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது, மழைக்குப் பிறகு, கொழும்பை ஒட்டிய தாழ்நிலமான கொலன்னாவைப் பக்கம் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதில் தெரியும்.

“இலங்கை எங்கே நிற்கிறது?” என்ற உம்முடைய கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுதாதேயும். ஓசோனில் நல்ல மாணவன். கழிவில், வழக்குப் போட்டபின் விழித்தவன். மீனில், அடி வாங்கித் திருந்தியவன். அஸ்பெஸ்டாஸில் பணிந்தவன். ஒரே அரசாங்கம், ஒரே துறைமுகம், ஒரே சுங்கம்; வேறுபட்டதெல்லாம் ஒப்பந்தங்கள் கட்டப்பட்ட விதமும், அவற்றின் பின்னால் நின்ற பணமும் ஆட்களும்தான்.

கட்டுரை எழுத முன் ஒரு வேலை செய்யும். ஏசிகளில் இன்னும் பாவிக்கும், ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவை வளரும் நாடுகள் 2025 க்குள் 67.5 வீதம் குறைத்திருக்க வேண்டும், 2030 இல் திருத்த வேலைகளுக்குக் கொஞ்சம் தவிர முற்றாக நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக வந்த, ஆனால் புவியைச் சூடாக்கும் வாயுக்களையும் மொன்றியல் உடன்படிக்கையின் கிகாலித் திருத்தத்தின்படி 2024 முதல் குறித்த அளவுக்கு மேல் கூடாமல் நிறுத்திவைத்து, 2029 இல் 10 வீதம் குறைக்கத் தொடங்க வேண்டும். மருதானைக்குப் போய் ஏசி திருத்தும் கடை ஒன்றில் ஆர்-22 உருளை இப்போது என்ன விலை, முன்பு என்ன விலை, யாரிடம் வாங்குகிறார்கள், பழைய காஸை எங்கே கொடுக்கிறார்கள் என்று கேளும். அத்தான் இப்போது கடைக்குப் போவதில்லை. அவருடைய மகன் இருக்கிறான். சான்றிதழ் இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது.